ஓகே வந்த கதை

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஷேர் ஆட்டோலேந்து கோயம்பேடு மார்க்கெட் வரைக்கும் சென்னைல ஓகே இல்லாம ஒரு பேரமும் முடியாது, ஆனா அது எங்கேந்து வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை விடறாங்க. விஷயம் என்னன்னா, 1839 மார்ச் 23ல பாஸ்டன் பேப்பர் ஒண்ணு 'ஆல் கரெக்ட்'ங்கறத வேணும்னே 'ஓல் கொரெக்ட்'னு தப்பாக்கி (oll korrect) முதலெழுத்த மட்டும் 'o.k.'னு போட்டுச்சு, அப்ப அங்க அதான் ஃபேஷன். அந்த மாதிரி மத்ததெல்லாம் பெரும்பாலும் காணாம போச்சு. இது பொழச்சதுக்கு 1840 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலும் ஒரு காரணம், அப்ப ஜனாதிபதியா இருந்து மறுபடியும் நின்ன வான் பியூரன் கிண்டர்ஹூக் ஊர்க்காரர்ங்கறதால 'ஓல்ட் கிண்டர்ஹூக்', சுருக்கமா ஓகேன்னு அவர் ஆளுங்க பிரச்சாரம் பண்ணாங்க (பாவம், தோத்துட்டார்). நம்மூர்ல வெறும் ஓகேன்னா நம்ப முடியாது, டபுள் ஓகேன்னாதான் வேலை நடக்கும்.

- ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை