சீரியல் காலத்தயும் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன ஞாயிறு சினிமா பக்கத்துல டி.இமான் பத்தி வந்தத வாசிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கதையே 2002ல வந்த ‘தமிழன்’ படத்துல இருந்துதான் ஆரம்பிக்குது, அதுக்கு முந்தியே அவரு டீவி சீரியலுக்கு மியூசிக் போட்டவரு, அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.

தேயிலத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) வளந்த எங்களுக்கு, பெறகு அவரு போட்ட ‘கோலங்கள்’ சீரியல் டைட்டில் பாட்டு மறக்குமா? அடுப்பு ஊதிக்கிட்டிருந்த எங்கம்மா ஊதுகுழலும் கையுமா வந்து நிப்பாங்க. நடுச்செவுரு மெல்லிசு, பக்கத்து காம்பரா டீவி சத்தமும் சேந்து ஒரே பாட்டு ரெண்டு தடவ கேக்கும் (எங்க டீவியில படம் புள்ளி புள்ளியாத்தான் வரும், அதனால பாட்டுதான் மிச்சம்).

சீரியல் வேல லேசுப்பட்டதில்ல அய்யா, கொஞ்ச நேரத்துக்குள்ள கதையோட மொத்த மூடையும் சொல்லணும், அடுப்படியில நிக்கிறவங்கள இழுத்துட்டு வரணும். 2010ல வந்த ‘மைனா’ படம், அப்புறம் ‘விஸ்வாசம்’ பாட்டுக்கு கெடச்ச தேசிய விருது எல்லாம் பெறகு வந்ததுதானே. அடுத்த தடவ எழுதுனா சீரியல் பாட்டையும் சேத்துப் போடுங்க.

- ஒரு வாசகி, பொகவந்தலாவ