34 டிகிரியில் வந்த அந்த மேடு: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பி,

லேப் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு நீ கிளம்பி இன்றோடு மூன்று வருஷம். நேற்று அந்த நிக்கல்-டைட்டானியம் துண்டை மறுபடி டி.எஸ்.சி.யில் ஏற்றினேன் (சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் துண்டு எங்கே வெப்பம் வாங்குகிறது, எங்கே விடுகிறது என்று கிராஃப் போடும் கருவி). கிராஃபில் வந்த அந்தச் சின்ன மேடு ஆர்-ஃபேஸ்தான், பெரிய உருமாற்றத்துக்கு முன்னால் வரும் இடைநிலைப் படிக அமைப்பு. நீ சொன்னதுதான் சரி.

எந்த இடம், யார் யார் கூட இருந்தார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாலு பேர் படிக்கிறார்கள். கிராஃபை மட்டும் பேசுகிறேன்.

அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குளிரும்போது இரண்டு மேடு: 34இல் சின்னது, மைனஸ் 12இல் பெரியது. சூடாகும்போது ஒன்றே ஒன்று. "அக்கா, ஒரு பார்ஷியல் சைக்கிள் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாய். 80இலிருந்து 10 டிகிரி வரை மட்டும் இறக்கி, பெரிய மேடு தொடங்குமுன் திருப்பிச் சூடாக்க வேண்டும். நிமிஷத்துக்கு 10 டிகிரி வேகம் என்றால் கால் மணி நேரம்கூட ஆகாது. நான் "சூடாக்கும்போது துண்டை அடைத்து வைத்த குழாய் கசிந்திருக்கிறது, தோல் ஆக்சிடைஸ் ஆகிவிட்டது, தூக்கிப் போடு" என்றேன்.

நேற்று அந்தக் கால் மணி நேரத்தைச் செலவழித்தேன். சூடாகித் திரும்பும் மேடு 37இல் வந்தது. மூணே டிகிரி இடைவெளி. பி19 பிரைம் மார்டென்சைட்டாக (குளிரில் வரும் படிக அமைப்பு, பெரிய மேடு அதனுடையது) இருந்தால் இருபது, முப்பது டிகிரி தள்ளித்தான் வந்திருக்கும்.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. குவார்ட்ஸ் குழாயிலிருந்து எடுத்தபோது துண்டின் ஓரம் நீலம் பாய்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் கணக்கை முடிக்காமல் பேசிவிட்டேன். ஆக்சிஜன் டைட்டானியத்தைத்தான் அதிகம் இழுக்கும். மிச்சக் கலவையில் நிக்கல் கூடும். 0.1 அணு சதவீதம் கூடினாலே மாற்ற வெப்பநிலை பத்து டிகிரி போல இறங்கிவிடும். கசிவினால் வந்த மேடு என்றால் கீழே வந்திருக்க வேண்டும். வந்ததோ மேலே. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டியவள் நான். மன்னித்துக்கொள்.

ஆனால் உன் நோட்டைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. துண்டின் எடை எங்கே? 12 மில்லிகிராமா 30 மில்லிகிராமா என்று தெரியாமல் மேட்டின் பரப்பைக் கிராமுக்கு இத்தனை ஜூல் என்று எப்படிச் சொல்வது? வெட்டிய பிறகு ஆசிடில் கழுவினாயா? வெட்டும்போது நசுங்கின அடுக்கே மேடுகளை அகலமாக்கி இடம் மாற்றும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அந்த இரண்டு வரி இருந்திருந்தால் நான் நின்று கேட்டிருப்பேன். நீயோ பேசாமல் சாவியை வைத்துவிட்டுப் போனாய்.

போர்டில் நீ போட்ட கணக்கை நான் இன்னும் அழிக்கவில்லை. சூட்டில் இருக்கும் கனசதுர பி2 அமைப்புக்கு 48 சமச்சீர் செயல்கள், மோனோகிளினிக் மார்டென்சைட்டில் மிஞ்சுவது 4, ஆகவே மார்டென்சைட் 12 விதமாக அமையலாம். பக்கத்தில் ஒரு கனசதுரம், அதன் நாலு மூலைவிட்டங்கள். ஏதாவது ஒன்றின் வழியாகக் கொஞ்சம் நீண்டால் ஆர்-ஃபேஸ், அதனால் அங்கே திரிபு நாலே விதம். அந்த நீட்சி ஒரு சதவீதத்துக்குள். எல்லைகள் சிரமமில்லாமல் நகரும், வீணாகும் ஆற்றல் குறைவு. அந்த மூணு டிகிரி அதனால்தான். மார்டென்சைட்டின் உருமாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரியது. 50.8 சதவீத நிக்கல் உள்ள கலவையை 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் பிரிந்து நிற்கும். அவை பெரிய உருமாற்றத்தைத்தான் தடுக்கும், சின்னதை அவ்வளவாக இல்லை. ஆகவே ஆர்-ஃபேஸ் முந்திக்கொள்கிறது. நீ இவ்வளவு அழகாக வரைந்து வைத்திருக்கிறாய், நான் ஓரத்து நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையில் "மாசு" என்று நான் எழுதின வரிக்கு நாளை திருத்தம் அனுப்புகிறேன். அதில் உன் பெயர் முதலில் இருக்கும். வேண்டாம் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்.

இப்போது பெங்களூர் பீன்யாவில் ஹீட் ட்ரீட்மென்ட் பார்க்கிறாயாமே. ஒரு சனிக்கிழமை வா. எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை. அதில் 42 டிகிரி கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பி2வின் 110 கோடு, ஆர்-ஃபேஸில் இரண்டாகப் பிளக்கிறதா பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் லேப் 22, 23க்கு மேல் போவதில்லை. துண்டைக் கொதிநீரில் ஒரு தடவை முக்கி எடுத்து மேஜையில் வைத்தால் போதும், ஆர்-ஃபேஸுக்கு வந்துவிடும். லிக்விட் நைட்ரஜனே வேண்டாம்.

அக்கா