கேம்ப்பெல் பே வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் கேம்ப்பெல் பே வரை போய்விட்டு வந்ததிலிருந்து, அங்கே எப்படிப் போனாய், யாரைப் பிடித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். உங்களைத்தான் பிடித்தேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணனுக்கு. கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்று ஆளுக்கொரு தேதி சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும்தான், "தீவுக்காரங்களுக்குப் போக மிச்சம் இருந்தா பங்க் (கப்பல் படுக்கை) கிடைக்கும், விடியறதுக்கு முன்னாடி வந்து நில்லுங்க" என்று உள்ளதைச் சொன்னீர்கள். அது நியாயமும்கூட. நமக்குத்தான் அது சுற்றுலா, உங்களுக்கு அந்தக் கப்பல்தான் டவுன் பஸ். போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், லீவுக்குப் போகும் காலேஜ் பிள்ளைகள், அரிசி மூட்டை, சைக்கிள், எல்லாம் அதில்தான். அதில் எனக்கும் ஒரு பங்க் ஒதுங்கியது என்றால் அது பெரிய விஷயம்.

அடுத்தது பக்கத்துப் பங்க் அக்காவுக்கு. லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கிறதே டென் டிகிரி சேனல், அதில் கப்பல் உருண்ட உருளலில் நான் தலையைத் தூக்கவே இல்லை. சாப்பிடாமல் படுத்தால்தான் இன்னும் புரட்டும் என்று அதட்டி எழுப்பி, எலுமிச்சை ஊறுகாயும் பழைய சோறும் கொடுத்தீர்கள். மாத்திரை செய்யாததை அது செய்தது. காலையில் கார் நிக்கோபார் வந்ததும், பழங்குடிப் பகுதி என்பதால் பாஸ் இல்லாத வெளியாள் இறங்கக்கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்ததும் நீங்கள்தான். டெக்கில் நின்றபடி தேங்காய் மூட்டைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் கேம்ப்பெல் பேயில் அறை கொடுத்த ஐயா. 1969இலிருந்து முன்னாள் ராணுவத்தினரை அரசாங்கம் அங்கே குடியேற்றியது பற்றிப் படித்திருந்தேன். ஆனால் சுமத்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவில், பஞ்சாபிக்காரர் வீட்டுக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காடு வெட்டித் தென்னை வைத்த கதையைத் தமிழிலேயே கேட்பேன் என்று நினைக்கவில்லை. 2004 சுனாமியைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, நீங்களாகவே தெற்கே சாஸ்திரி நகர், காந்தி நகர் என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சொன்னதற்கு நன்றி, அதற்குமேல் இங்கே எழுதப் போவதில்லை.

பைக் கொடுத்த தம்பிக்கும், தீவின் தென்கோடியான இந்திரா முனைக்குப் படகு எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்ற மீனவ அண்ணனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2004 நிலநடுக்கத்தில் அந்த முனையில் தரை 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது, அதை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன். கூடுதலாகப் பணம் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "காசு வாங்கிட்டு உங்களை எங்க கொண்டு போய் விடுறது, அலையைப் பாருங்க" என்றீர்கள். அன்று மத்தியானம் அடித்த காற்றைப் பார்த்த பிறகு, வந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஹெலிகாப்டரில் இடம் கிடைத்தும் அதை ஒரு கர்ப்பிணிக்கு விட்டுக்கொடுத்து, என்னோடு கப்பலிலேயே வந்த ஆசிரியருக்கும் என் வணக்கம்.

நீங்கள் கேட்ட போட்டோக்களையெல்லாம் பிரிண்ட் போட்டு, ஐயா வீட்டு முகவரிக்கே ஒரே பார்சலாக அனுப்பியிருக்கிறேன். அக்காவுடையது தனி உறையில் இருக்கிறது. கப்பல் வந்து பார்சல் கைக்குக் கிடைத்ததும் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.