பழைய எக்ஸ்ரே படத்தைத் தேடி எடு, அக்கா

பாரிஸ்,
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் அவர் இருமலைப் பற்றி எதையும் சொல்ல முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அந்த போன் அவர் கையில்தான் இருக்கும். மேல்வீட்டு அண்ணி முத்தியால்பேட்டைக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. லா ஷாப்பெல் பக்கம் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது, விலைதான் அதிகம். ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதும், திரும்ப வார்டில் விடுவதும்தான் நாள் முழுக்க.

போன மாதம் ஒரு பெரியவரைக் கொண்டுபோனேன். சின்ன வயதில் டி.பி. வந்து ஆறியவராம். டாக்டரம்மா அவரிடம் முதலில் கேட்டதே, "பழைய படம் இருக்கிறதா?" என்றுதான். அவர் மகள் மஞ்சள் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புதுப் படத்தையும் பழைய படத்தையும் அருகருகே வைத்து டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. 1994இல் அவர் ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்தது உனக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயிலெல்லாம் 'ஓல்டு கோக்ஸ்', அதாவது பழைய டி.பி., என்றுதானே எழுதியிருக்கும்?

வேலை முடிந்ததும் டாக்டரம்மாவிடமே கேட்டேன். டி.பி. ஆறினாலும் நுரையீரலில் தழும்பு நின்றுவிடும். அந்த இடத்தில் வருடக்கணக்கில் அழற்சி இருந்து, செல்கள் கெடுவதும் புதிதாக உண்டாவதுமாக இருந்தால், எங்கோ ஒரு செல் தப்பாகி வளரத் தொடங்கலாம். டி.பி. வந்து போனவர்களுக்கு, புகை பிடிக்காதவர்களாக இருந்தாலும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். அப்பாவோ இருபது வருஷம் பீடி பிடித்தவர். 'தழும்பில் வரும் புற்று' என்று 1939லேயே ஜெர்மனியில் எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு பார்த்தால், சில பேருக்குக் கட்டியே தன்னைச் சுற்றித் தழும்பை உண்டாக்கிக்கொள்கிறதாம். எது முந்தியது என்று படத்தைப் பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. தழும்பு இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை, அதையும் அவர் அழுத்திச் சொன்னார். நீ பயந்துவிடாதே.

ஆனால் தீபாவளியிலிருந்து அப்பாவுக்கு இருமல், உடம்பு இளைப்பு, ஒருநாள் சளியில் ரத்தம் என்று நீ சொன்னாயே, அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் பார்த்த டாக்டர் சளியைக்கூடப் பரிசோதிக்காமல் பழையபடி டி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தது சரியில்லை, அக்கா. அது டி.பி.யாகவே இருக்கலாம், திரும்பவும் வரக்கூடியதுதான். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே மாத்திரை தர வேண்டும்? நம் பக்கம் எத்தனையோ பேர் டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, கடைசியில்தான் புற்றுநோய் என்று தெரிந்து தவித்திருக்கிறார்கள். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டதில் ஒன்றுமில்லை என்றாராமே. இந்த ஊரில் 1816இல் லென்னெக் என்ற டாக்டர் கண்டுபிடித்த கருவி அது, நல்ல கருவிதான். அவரும் டி.பி.யில்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் சின்னக் கட்டி அதில் கேட்காது.

கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்குக் கூட்டிக்கொண்டு போ. நுரையீரல் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே போனால்தான் சீட்டுப் போட முடியும், மாமாவை லீவு போடச் சொல். சளிப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் இரண்டையும் கேள். ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு அப்பா தயங்கினால் என்னோடு பேசச் சொல். செலவுக்கு இந்த வாரமே பணம் போடுகிறேன்.

பழைய எக்ஸ்ரேக்கள் அம்மாவின் மர பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கும். நான் கிளம்பும்போதுகூடப் பார்த்தேன். ஆறிய தழும்பு இத்தனை வருஷத்தில் பெரிதாகியிருக்கக் கூடாது. பெரிதாகியிருக்கிறதா இல்லையா என்று அந்தப் படங்கள் இருந்தால்தான் சொல்ல முடியும். எல்லாவற்றையும் எடுத்துப் போ, ஒன்றைக்கூட விட்டுவிடாதே. பழசு என்று அங்கே யாராவது ஒதுக்கி வைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேள்.

அப்பாவிடம் வெறும் செக்கப் என்று மட்டும் சொல். சீட்டுப் போட்டதும், நேரம் பார்க்காமல் எனக்கு ஒரு போன் பண்ணு.

உன் தம்பி