ஒரே சர்க்கரை நோய், நாலு வயதினர்: நர்சிங் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டக் குழுவினருக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பாடங்களைக் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) வரும் பி.எஸ்சி. நர்சிங் மாணவ மாணவியருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் எழுதும் பாடத்திட்டம் வார்டு வாசலைத் தாண்டும்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2021இல் வந்த செமஸ்டர் முறையைக் குறை சொல்ல வரவில்லை. உடம்புக்குள் நோய் என்ன செய்கிறது என்பதையும் அதற்கான பராமரிப்பையும் ஒரே பாடத்தில் சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் நோயையும் பராமரிப்பையும் சேர்த்த நீங்கள், நோயாளியை வயது வாரியாக வெட்டிவிட்டீர்கள். சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை 3ஆவது செமஸ்டரில். முதியோர் பராமரிப்பு 4இல். குழந்தைகள் நலம் 5, 6இல். கர்ப்பிணிகள் 6, 7இல். ஒரே நோய் இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடும் தொடர்கதை ஆகிவிட்டது. கடைசிப் பாகம் வருவதற்குள் முதல் பாகம் மறந்துபோகிறது. அதுவரை அந்தப் பிள்ளைகள் மனதில் இருக்கும் நோயாளி ஒரே ஆள்தான்: 45 வயது, தாகம் அதிகம், அடிக்கடி சிறுநீர், காலில் ஆறாத புண்.

நிஜத்தில் இந்த நோயின் கதை கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா பல வருடம் வலியுறுத்திய சோதனை இன்று நாட்டின் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஓபியில் இதைச் செய்து பார்க்கும் மாணவிக்கு எண் நன்றாகவே தெரியும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது, அதனால் குழந்தை தானே கூடுதல் இன்சுலின் சுரக்கிறது என்பதும் ஒருவேளை தெரிந்திருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், சுரந்த இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்குவது இதனால்தான். ஆனால் இந்த இரண்டாம் பாதி வேறு பாடம், வேறு டீச்சர், வேறு வார்டு. அந்தப் பக்கம் தாயின் கட்டிலில் என்ன நடக்கிறது? இன்சுலினை எதிர்த்து நின்ற நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் பிரசவத்தோடு போய்விடுகின்றன. நேற்று வரை போட்ட அதே டோஸை இன்றும் போட்டால் தாய்க்கும் லோ சுகர் வரும். ஒரே காரணத்தால் இரண்டு கட்டிலில் ஒரே ஆபத்து. இதை ஒரே மணி நேரத்தில் ஒரே கரும்பலகையில் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. டைப் 1 சர்க்கரை பல நேரம் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாந்தி, வயிற்றுவலி என்று வரும். வேகமான ஆழ்ந்த மூச்சைப் பார்த்து நிமோனியா என்று நினைக்கலாம். படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடி நனைக்கிறது என்று அம்மா சொன்னால் அது முக்கியமான தகவல். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோ அசிடோசிஸில், பெரியவர்களைவிடப் பிள்ளைக்கு மூளை வீங்கும் அபாயம் அதிகம். தலைவலி, மந்தம், குறையும் நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் அங்கே நிற்கும் நர்ஸ்தான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் நம் நாட்டில் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் போய்விடும். பெரிய ஆளுக்கே ஆபத்தான தவறு, 12 கிலோ பிள்ளைக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது மருந்தியல் பாடத்தின் ஓரத்தில் ஒரு வரியாகக் கிடக்கக் கூடாது.

தாத்தா பாட்டிகளிடம் வருவோம். கிளிபென்கிளமைடு மாதிரி நீண்ட நேரம் வேலை செய்யும் சர்க்கரை மாத்திரை, அதை வெளியேற்ற முடியாத தளர்ந்த சிறுநீரகம், பசி இல்லாமல் விட்ட ராத்திரிச் சாப்பாடு. மூன்றும் சேர்ந்தால் விடிகாலையில் லோ சுகர். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குக் கைநடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். உளறலும் ஒருபக்கத் தளர்ச்சியும் வந்தால் பக்கவாதம் என்றே தோன்றும். வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாரு" என்கிறார்கள். அதே வாக்கியத்தை யூனிஃபார்ம் போட்டவர்கள் வாயிலும் கேட்கிறேன். அதில்தான் எனக்குக் கோபம்.

மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. எங்கள் பாடத்தில் மட்டும் முதுமை இன்னும் ஒரே ஒரு அலகுதான்.

இந்த நோயாளிகள் எல்லாம் வேறு வேறு வார்டில் இருக்கும்வரை வயது வாரியாக வெட்டிப் படிப்பது கூடச் சமாளிக்கக்கூடியதே. ஆனால் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டியூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு வார்டு பிரிவு ஏது? ராத்திரி யார் வந்தாலும் அவர்தான் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு ஒரு வீட்டுக்குள் போனால் பாட்டி, மருமகள், கைக்குழந்தை எல்லோரும் ஒரே திண்ணையில்தான் இருக்கிறார்கள்.

புதிய தாள் கேட்கவில்லை. நேரம் நிரம்பி வழிகிறது என்று எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகள் ஹாஸ்டலில் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பதும் தெரியும். 3ஆவது செமஸ்டரில் இருக்கிற மணி நேரத்துக்குள்ளேயே ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நோய், நாலு வயதினர். அந்த வாரம் மட்டும் போஸ்டிங்கை மாற்றி, கர்ப்பிணிகள் ஓபி, பச்சிளங்குழந்தைப் பிரிவு, குழந்தைகள் வார்டு, முதியோர் படுத்திருக்கும் மெடிக்கல் வார்டு எல்லாவற்றையும் ஒரே குழு சுற்றி வரட்டும். முதலில் சர்க்கரை. பிறகு நிமோனியாவுக்கும் நீரிழப்புக்கும் இதையே செய்யலாம். தோலைக் கிள்ளி நீரிழப்பு பார்ப்பது தொய்ந்த தோலுள்ள பாட்டியிடமும் எலும்பும் தோலுமான குழந்தையிடமும் ஏமாற்றிவிடும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

தேர்வில் வராததை யாரும் படிக்க மாட்டார்கள், இதை நீங்களும் அறிவீர்கள். "சர்க்கரை நோயை வரையறுத்து, காரணங்களையும் செவிலியப் பராமரிப்பையும் விவரி" என்பதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: க்ளூக்கோமீட்டர் 60 காட்டுகிறது, பிறந்து 2 மணி நேரமான குழந்தை, இன்சுலின் போடும் 14 வயதுப் பெண், மாத்திரை சாப்பிடும் அரைமயக்கத்தில் இருக்கும் 78 வயதுப் பெரியவர், மூவருக்கும் நீ என்ன செய்வாய்? நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடர்ந்து அடுத்த பாலுக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும். சிறுமிக்கு 15 கிராம் குளுக்கோஸ் வாய்வழியாகக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதனை. பெரியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். உடனே டாக்டரைக் கூப்பிட்டு, நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற வேண்டும். தெளிந்த பிறகும் வீட்டுக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மாத்திரையின் வேலை முடிந்திருக்காது. மூவருக்கும் ஒரே பதிலை எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் தராதீர்கள்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்