கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியிலும் கொஞ்சம் எழுதுவேன். அதனால் இந்த மடலில் குறையோடு அதற்கான காரணத்தையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லாவில் மவுஸ் வைக்க இடம் கிடையாது. இருந்தாலும் தேன்குழல் பொட்டலம் கட்டிய எண்ணெய்க் கையோடு அதைத் தொட யாருக்கும் மனசு வராது. கணக்கு எழுதுகிறவர்களும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர்கள்தான். எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்8 சேல்ஸ், கன்ட்ரோல் ஏ அழுத்தினால் பதிவு ஏறிவிடும். திரையைப் பார்க்காமலே விரல் போகும். பேரேடும் ஐந்தொகையும் கையாலேயே எழுதித் தீர்த்த ஊர் இது, வேகம் குறைந்தால் முதலாளி சும்மா இருக்க மாட்டார்.

எங்களுக்கு வந்த மென்பொருளில் பட்டன்களைத் தமிழில் மாற்றித் தந்தார்கள். சந்தோஷம். ஆனால் சேமிப்பதற்கு நாங்கள் அழுத்தும் ஆல்ட் எஸ் அன்றோடு செத்துப்போனது. பட்டனும் திரையும் அமைக்க உதவும் க்யூட்டி (Qt) என்ற கருவித்தொகுப்பில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பட்டனின் பெயரில் எந்த எழுத்துக்கு முன்னால் & குறி இருக்கிறதோ, அதுவே ஆல்ட் உடன் சேர்ந்து ஷார்ட்கட் ஆகிவிடும். அந்தக் குறி இல்லாமல் 'சேமி' என்று பெயரை மாற்றினால், முன்பு இருந்த ஷார்ட்கட்டையும் அது சத்தமில்லாமல் அழித்துவிடும். பெயரை வைத்த பிறகு ஷார்ட்கட்டைத் தனியாக வைத்தால் போதும். இல்லையா, தமிழ்ப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எஸ் என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, அதன் முன் & வையுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் எந்த விசை என்பது பட்டனிலேயே தெரியும். 'சேமி' (சேவ்), 'தேடு' (சர்ச்) இரண்டுக்கும் எஸ் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் எதுவுமே அழுந்தாது, ஃபோகஸ், அதாவது எந்தப் பட்டனில் இருக்கிறோம் என்ற அடையாளம், மட்டும் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கும்.

இதைவிட என்னை எரிச்சல்படுத்தியது வேறு. பில்லில் ஒரு சாமானும் ஏறாதபோது 'அச்சிடு' பட்டன் மங்கலாகத்தான் இருக்கிறது. மவுஸால் தட்டினால் அசையாது, சரி. கன்ட்ரோல் பி அழுத்தினால் மட்டும் வெற்று பில் வந்து விழுகிறது, அதற்கும் ஒரு பில் நம்பர் போய்விடுகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. விசையை நேராக அச்சிடும் ஃபங்ஷனோடு (அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டோடு) கட்டிவிட்டதால் வந்த வினை இது. விசை அழுத்தினால் பட்டன்தான் அழுந்த வேண்டும். அதற்கு டிகேயில் இன்வோக், ஸ்விங்கில் டூகிளிக், விண்டோஸ் ஃபார்ம்ஸில் பெர்ஃபார்ம்கிளிக், க்யூட்டியில் கிளிக் என்று இந்தக் கருவித்தொகுப்புகள் எல்லாவற்றிலும் வழி வைத்திருக்கிறார்கள். பட்டன் முடங்கியிருந்தால் இவை ஒன்றும் செய்யாது. பட்டனை எப்போது மங்கலாக்க வேண்டும் என்பதை ஓரிடத்தில் எழுதினால் விசைக்கும் அதுவே பொருந்தும்.

டிகேயில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். பட்டன் அழைக்கும்போது ஃபங்ஷனுக்கு எதுவும் வராது, விசையைக் கட்டும் பைண்ட் அழைக்கும்போது, எந்த விசை அழுந்தியது என்ற விவரத்தோடு ஈவென்ட் ஒன்று கூடவே வரும். அதை வாங்க ஃபங்ஷனில் இடம் இல்லையென்றால் பிழைதான். இரண்டாவது, கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சின்ன எஸ்ஸுக்குக் கட்டிய கன்ட்ரோல் ஷார்ட்கட் வேலை செய்யாது. சின்ன எஸ், பெரிய எஸ் இரண்டுக்கும் கட்டுங்கள். எங்கள் கடையில் கேப்ஸ் லாக் அணைந்து நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடிக்கிறோம். லினக்ஸில் விசைப்பலகையையே தமிழ் 99 என்ற தமிழ் எழுத்து அமைப்புக்கு மாற்றிவிட்டால், எஸ் இருக்கும் இடத்தில் 'இ' வரும். எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நிரலுக்கு அது புரியாது. எஃப் விசைகளுக்கு இந்த மொழித் தொல்லை இல்லை. சேமிக்க, அச்சிட, புது பில் தொடங்க என்று முக்கியமான மூன்றையாவது எஃப் வரிசையில் வையுங்கள். லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தால் நாங்கள் பழகிக்கொள்கிறோம்.

தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் திருத்திய பதிப்பு வந்தால் நல்லது. அனுப்புவதற்கு முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு பில் போட்டுப் பாருங்கள், கேப்ஸ் லாக் போட்டு ஒரு தடவை, தமிழ் 99இல் ஒரு தடவை.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கர்