விரல் நுனி ஏன் முதலில் மரத்துப்போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் நரம்பைப் பற்றி எப்போது எழுதினாலும் மூளைக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் மின்கம்பி என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். கம்பிக்குச் சாப்பாடு வேண்டாம், நரம்புக்கு வேண்டும். அந்தச் சாப்பாடு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்குப் புற்றுநோய்க்காக பேக்லிடாக்சல் மருந்து ஏற்றினார்கள். சில வாரத்தில் இரண்டு கால் விரல்களும் மரத்துவிட்டன, ஒரு நாள் செருப்பு கழன்றது தெரியாமலே அடுத்த அறை வரை நடந்து வந்துவிட்டார். கேட்டதற்கு "நரம்பு பாதிப்பு" என்றார்கள், அவ்வளவுதான். ஏன் விரலில் ஆரம்பித்தது என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். கால் விரலை உணரும் நரம்பு செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது, அங்கிருந்து ஆக்சான் என்ற இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கி வருகிறது, இத்தனையும் ஒரே செல்! புரதங்களில் பெரும்பகுதி மேலேதான் தயாராகிறது. இழைக்குள் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழாய்கள் இருக்கின்றன, அவற்றின்மேல் கைனசின் என்ற புரதம் சுமையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர், ஒவ்வோர் அடிக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. 1985-ல் கணவாய் மீனின் பெரிய ஆக்சானை வைத்து கைனசினைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விரைவுச் சரக்கு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகும், அப்படியும் விரலைத் தொட இரண்டரை நாளாவது ஆகிவிடும். இழையின் சட்டகத்துக்கான புரதங்களோ நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலாகும்.

பேக்லிடாக்சல் இந்த நுண்குழாய்களைத்தான் கலையவிடாமல் இறுக்குகிறது. புற்றுநோய் செல் இரண்டாகப் பிரிந்து பெருக முடியாமல் போவது அதனால்தான், ஆனால் அதே குழாய்கள் நரம்பிலும் இருக்கின்றனவே! சரக்கு தடைப்பட்டால் நீளமான நரம்பின் கடைசி முனைதான் முதலில் தவிக்கும். மரத்துப்போக இது ஒரு முக்கியக் காரணம்.

விரல் முனையிலிருந்து செல்லின் உடலுக்குத் திரும்பி வரும் சரக்கை டைனீன் என்ற வேறொரு புரதம் இழுக்கிறது. வெறிநாய்க்கடி வைரஸ் மேலேறுவதும் இந்தத் திரும்பும் பாதையில்தான், அதனால்தான் அது நரம்புக்குள் நுழையும் முன்பே, கடித்த உடனே ஊசி என்கிறார்கள்.

இதையெல்லாம் அக்காவுக்குப் படம் போட்டுக் காட்டியபோது, "அப்போ நான் ஏதோ தப்பாச் செஞ்சதால இல்லையா?" என்று கேட்டார். அத்தனை மாதமும் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்